இங்கர்மன் தெருப் பொம்மை

மேவிஸ்: பூதக்கண்ணாடிய அப்படிப் படத்து மேல வெச்சு அழுத்தாதீங்கம்மா. அவரு மூஞ்சி கீறிடப் போவுது.

ஹாரியட்: மன்னிச்சுக்கங்க மிஸ்ஸஸ் ஹெஸ்கெத். ஆனா... இது மூஞ்சி இல்லையே. அட்டை முகமூடில்ல?

மேவிஸ்: முகமூடிக்குப் பின்னாடி மூஞ்சி இருக்கும்ல? அது எங்க வீட்டுக்காரரு மூஞ்சி. வில்ஃப் ஹெஸ்கெத். படத்துக்கு அடியில அப்படியே எழுதிடுங்க, நான் கெளம்பறேன்.

ஹாரியட்: எழுதலாம். ஆனா இன்னொருத்தரும் சொல்லணுமே. வரலாற்றுச் சங்கத்துல அது விதி. போன கண்காட்சியில மேயருக்குக் குடை பிடிக்கறவரு எங்க அப்பாதான்னு நாலு குடும்பம் வந்துச்சு. நூலகத்துக்குள்ளயே அடிதடி.

மேவிஸ்: நாலுல ஒண்ணு உண்மையா இருந்திருக்கும்.

ஹாரியட்: இல்ல. அவரு பக்கத்து ஊர்க்காரரு. மேயரோட டிரைவர்... ஆங், வாங்க சார், வாங்க. மிஸ்டர் ஆக்டன்தானே? படத்துல தொப்பிய நீட்டிக்கிட்டு நிக்கற பையன்?

நார்மன்: அதே பையன்தான். தொப்பிதான் மாறியிருக்கு... மேவிஸ்! நீ எங்கடி இங்க? நடக்க முடியலண்ணேன்னு நேத்து போன்ல அழுதியே?

மேவிஸ்: முழங்கால்தான் வலிக்குது. வாய் நல்லாத்தான் இருக்கு. உக்காருண்ணே.

ஹாரியட்: அட, நீங்க அண்ணன் தங்கச்சியா? ரெண்டு பேரும் ஒரே படத்துக்காகவா வந்தீங்க? நல்லதாப் போச்சு. மிஸ்டர் ஆக்டன், குழந்தை வண்டியில உக்காந்திருக்கறது யாருன்னு நேர்ல வந்து சொல்றேன்னீங்க...

நார்மன்: ஆமா. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். எழுதிக்கங்க. அதுல உக்காந்திருக்கறது...

மேவிஸ்: வில்ஃப்.

நார்மன்: ...யாரு?

மேவிஸ்: வில்ஃப்ண்ணே. நான் சொல்லிட்டேன். நீயும் சொல்லிட்டா அவங்க வேலை முடிஞ்சுது.

நார்மன்: வில்ஃபா? எந்த வில்ஃப்?

மேவிஸ்: உன் மச்சான் வில்ஃப். பிப்ரவரியில பொதைச்சோமே, அந்த வில்ஃப்.

நார்மன்: பொதைச்சது தெரியும், நானும்தான் தூக்கினேன். தோள் இன்னும் வலிக்குது. அவன் எங்கடி இந்த வண்டியில...

மேவிஸ்: வயசாயிடுச்சும்மா அண்ணனுக்கு. கொஞ்சம் நேரம் குடுங்க. மெதுவா ஞாபகம் வரும்.

ஹாரியட்: அவசரமே இல்ல சார். ஆனா சனிக்கிழமை தெறக்கறோம், இன்னைக்குச் சாயந்திரத்துக்குள்ள பேரெல்லாம் அச்சுக்குப் போகணும். அப்புறம்... நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம்தான் ஆவுது. எனக்கு ஒரு சந்தேகம். இது நெசமாவே பொம்மை இல்லையா? உயிரோட இருக்கற புள்ளையா?

நார்மன்: உயிரோடதான். பொம்மைய முந்தின நாளே ஆல்மா தெருப் பசங்க திருடிட்டானுங்க.

ஹாரியட்: பொம்மையக்கூடவா திருடுவாங்க?

நார்மன்: நீங்க தெக்கத்திக்காரங்க. உங்களுக்கு எங்க தெரியும்? நவம்பர் அஞ்சாந்தேதி தெருவுக்குத் தெரு நெருப்பு வெப்போம். எவன் நெருப்பு பெருசுங்கறதுலதான் மானமே இருக்கு. ஒரு மாசமா கட்டை சேப்போம். ஒடஞ்ச நாற்காலி, வேலிக் கட்டை, யாரும் பாக்கலன்னா கக்கூஸ் கதவு. சேத்தத ஆல்மா தெருப் பசங்க திருடுவானுங்க. நாங்க அதைத் திருப்பித் திருடுவோம், கூடவே அவனுங்களோடதையும்.

ஹாரியட்: அப்போ பொம்மை?

நார்மன்: பொம்மை இல்லன்னா வெடி வாங்கக் காசு ஏது? சாராயக்கடை வாசல்ல வண்டிய நிறுத்தி, பொம்மைக்கு ஒரு பென்னி குடுங்க சாமின்னு கத்துவோம். பொம்மை போயிடுச்சு. அதனால இருக்கறதுலயே சின்னதா ஒண்ணப் புடிச்சு, எங்கப்பா கோட்டை மாட்டி, முகமூடியக் கட்டி வண்டியில வெச்சோம். அசைஞ்சா உன்னத்தான் எரிப்போம்னு சொல்லி வெச்சோம்.

ஹாரியட்: ஐயோ பாவம்!

நார்மன்: பாவம் என்ன? பொம்மைன்னு எரிக்கறது யாரை? நானூறு வருஷத்துக்கு முன்னாடி பார்லிமெண்டுக்கு வெடி வைக்கப் பாத்து மாட்டிக்கிட்டவனை. அவனால ஒரு செங்கல்கூட விழல. அவனை வருஷா வருஷம் எரிக்கறோம். எங்க தெருவையே மொத்தமா இடிச்சான் பாருங்க கவுன்சில்காரன், அவனுக்கு ஒரு பொம்மை செஞ்சு எவனாவது எரிச்சானா? அவன் பேருல பூங்கா இருக்கு.

ஹாரியட்: அதைத்தான் சார் கண்காட்சியில சொல்லப் போறோம். எப்பேர்ப்பட்ட ஒத்துமை அந்தத் தெருவுல! யாருமே வீட்டுக் கதவப் பூட்ட மாட்டாங்களாமே?

மேவிஸ்: பூட்டு வாங்கக் காசு இல்லம்மா.

நார்மன்: திருட வந்தவன் உள்ள எட்டிப் பாத்துட்டு, பாவப்பட்டு ஏதாச்சும் வெச்சுட்டுப் போயிருப்பான்.

ஹாரியட்: சும்மா சொல்றீங்க!

நார்மன்: அப்போ மனுஷன் குடியிருக்க லாயக்கில்லன்னு கவுன்சில் நோட்டீஸ் ஒட்டுச்சு. எங்களத் தூக்கிட்டுப் போய் பதினோராவது மாடியில வெச்சுது. லிஃப்ட் ஓடாது. அப்புறம் அதுவும் லாயக்கில்லன்னு வெடி வெச்சுத் தகர்த்துட்டு சூப்பர்மார்க்கெட் கட்டுச்சு. இப்போ எங்க தெருவோட படத்தச் சட்டம் போட்டு மாட்டப் போவுது. உள்ள வர டிக்கெட் உண்டா?

ஹாரியட்: ஓய்வூதியக்காரங்களுக்கு இலவசம்.

நார்மன்: நல்ல மனசு.

மேவிஸ்: நீ ஊர்க் கதைய விடுண்ணே. வில்ஃப்னு சொல்லு. அவங்க எழுதட்டும்.

ஹாரியட்: அதுல இன்னொரு சிக்கல் மிஸ்ஸஸ் ஹெஸ்கெத். ஹெஸ்கெத் குடும்பம் ஆல்மா தெரு இல்லையா?

மேவிஸ்: ...ஆமா.

ஹாரியட்: ஆல்மா தெருப் பையன் இங்கர்மன் தெரு வண்டியில எப்படி?

நார்மன்: அப்படிக் கேளுங்க! அறிவுள்ள கேள்வி. கேளுங்க, நானும் கேக்கறேன். எப்படி மேவிஸ்?

மேவிஸ்: உனக்குத்தான் தெரியும். நீதானே வண்டியத் தள்ளினே.

நார்மன்: எனக்குத் தெரிஞ்சத நான் சொல்லட்டுமா?

மேவிஸ்: யோசிச்சுச் சொல்லுன்னேன்.

நார்மன்: யோசிக்க என்ன இருக்கு? ஆல்மா தெரு, அதுவும் ஹெஸ்கெத். எங்க பொம்மையத் திருடின கூட்டத்துக்கே அவன்தான் தளபதி. கல்யாணத்தன்னைக்கு மேடையேறி, பொம்மையத் திருடினேன், அது பத்தலன்னு பொண்ணையும் தூக்கிட்டேன்னு பேசினானே! எங்கப்பா சிரிச்சாரு. நான் சிரிக்கல.

மேவிஸ்: நீ சிரிச்சே. பீர் மூக்கு வழியா வந்துச்சு.

நார்மன்: அதை விடு. அறுபத்தேழுல எங்க வீட்டு மேல இரும்பு உருண்டைய வீசின கிரேன்ல உக்காந்திருந்தது யாரு? சொல்லேன் இவங்ககிட்ட.

ஹாரியட்: யாரு?

மேவிஸ்: அவருதான். இடிக்கற கம்பெனியில வேலை. கூலி குடுத்தாங்க, இடிச்சாரு. மொதல்ல ஆல்மா தெருவத்தான் இடிச்சாரு அண்ணே, அவங்க அம்மா வீட்டோட சேத்து. அன்னைக்கு வீட்டுக்கு வந்து டீகூடக் குடிக்கல. பூட்ஸைக் கழட்டாம உக்காந்திருந்தாரு. அதை நீ பாக்கல.

நார்மன்: ...நீ சொன்னதில்லையே.

மேவிஸ்: நீ கேட்டதில்லையே. நாலு வருஷம் எங்க வீட்டுக்கே வரலையே நீ.

நார்மன்: இப்போ எங்க தெருவுக்குன்னு மிஞ்சினது இந்த ஒரே படம். அதுல எங்க தெருவ இடிச்சவன் பேரப் போடச் சொல்றே.

மேவிஸ்: ஆமா. சொல்றேன்.

ஹாரியட்: நான் வேணும்னா... கொஞ்சம் வெளிய நிக்கட்டுமா?

மேவிஸ்: உக்காருங்கம்மா. எங்க வீட்டுல இதுக்குப் பேரு சண்டை இல்ல. சண்டைன்னா தட்டு பறக்கும்.

ஹாரியட்: அப்புறம் இந்தக் கால் ஒண்ணு. கோட்டுக்குக் கீழ, இங்க பாருங்க. வார் வெச்ச செருப்பு. இது பொண்ணுங்க போடறது மாதிரி இல்ல?

மேவிஸ்: எங்க? எனக்கு ஒண்ணும் தெரியல.

ஹாரியட்: பெருசு பண்ணிப் பாத்தப்போதான் தெரிஞ்சுது. பூ வெட்டு வேலைகூட இருக்கு.

நார்மன்: ஆல்மா தெருவுல கெடச்சத மாட்டுவாங்க. அக்கா செருப்பு, அம்மா செருப்பு... சர்ச்ல தர்மத்துக்கு வந்த செருப்பு.

ஹாரியட்: உயரமும் இடிக்குது. வில்ஃப் சாரை நான் ஒருதரம் பாத்திருக்கேன், இந்த நூலகக் கதவுல குனிஞ்சுதான் உள்ள வந்தாரு. இது நாலஞ்சு வயசுப் புள்ளை மாதிரில்ல இருக்கு.

மேவிஸ்: லேட்டா வளந்தாரு. கல்யாணத்துக்கு அப்புறம். என் சமையல்.

நார்மன்: உன் சமையலா? உன் கறி ரொட்டியச் சாப்பிட்டு நாய் ரெண்டு நாள் படுத்துது.

மேவிஸ்: நாய் வேற, அவரு வேற.

ஹாரியட்: தப்பா நெனைக்காதீங்க மிஸ்ஸஸ் ஹெஸ்கெத். மத்தவங்க சொல்லாம நான் பேர் போட முடியாது. இந்தப் படத்துல இருக்கறவங்கள்ல உங்க அண்ணன் ஒருத்தர்தான் இப்போ இருக்காரு. அவரும் சொல்லலன்னா, பெயர் தெரியாத குழந்தைன்னுதான் வரும்.

மேவிஸ்: பெயர் தெரியாத...

ஹாரியட்: வேற படம் ஏதாவது குடுங்களேன். வில்ஃப் சார் சின்ன வயசுப் படம். ஆல்மா தெருவுக்குன்னு தனிச் சுவரே காலியா கெடக்கு. ஒரு படமும் வரல.

மேவிஸ்: எப்படி வரும்? படம் எடுக்க வந்த பேப்பர்காரன் எங்க தெருமுனையோட திரும்பிட்டான், அங்க சேறா இருக்குன்னு. ஸ்கூல்ல படம் எடுக்கற அன்னைக்கு ஆல்மா தெருப் புள்ளைங்கள்ல பாதிய வீட்டுக்கு அனுப்பிடுவாங்க, சட்டை சரியில்லன்னு. அவரு ஒவ்வொரு வருஷமும் திரும்பிப் போவாரு. ஒருதரம் மட்டும் போகாம சுவர் மேல ஏறி உக்காந்து பாத்துக்கிட்டிருந்தாராம். சுவரு படத்துல விழுந்துது, அவரு விழல.

ஹாரியட்: அப்போ... இது ஒண்ணுதானா?

மேவிஸ்: இது ஒண்ணுதான். அடக்கத்துக்கு சர்ச் வாசல்ல வைக்கப் படம் கேட்டாங்க. எல்லாரும் புள்ளையா இருந்தப்போ ஒண்ணு, கடைசியா ஒண்ணு வெப்பாங்க. நான் பஸ் பாஸ் படத்தப் பெருசு பண்ணி வெச்சேன்.

நார்மன்: அதுல திருடன் மாதிரி முழிச்சுக்கிட்டிருந்தான்.

மேவிஸ்: ஆமா... அப்படித்தான் முழிச்சாரு. பேத்தி கேக்கறா, தாத்தா சின்னப் புள்ளையாவே இருந்ததில்லையான்னு.

நார்மன்: ...பேனா இருக்காம்மா?

ஹாரியட்: இருக்கு சார்.

நார்மன்: எழுதுங்க. எங்க பொம்மையத் திருடினானுங்கன்னு சொன்னேன்ல? நாங்க சும்மா விடல. அன்னைக்குச் சாயந்திரம் நானும் இன்னும் மூணு பசங்களும் ஆல்மா தெருவுக்குள்ள பூந்தோம்.

ஹாரியட்: ம்ம்...

நார்மன்: பொம்மை கெடைக்கல. அவங்க கட்டைக் குவியலுக்குக் காவலுக்கு ஒரு வாண்டு படுத்திருந்துது. தளபதின்னு பேருதான், எலி மாதிரி இருப்பான். அப்படியே சாக்கோட தூக்கிட்டு வந்துட்டோம்.

ஹாரியட்: கடத்திட்டு வந்தீங்களா?

நார்மன்: போர்க் கைதிம்மா. முறைப்படி நடத்தினோம். பொம்மையத் திருப்பிக் குடுக்கற வரைக்கும் நீதான்டா பொம்மைன்னு வண்டியில உக்கார வெச்சோம். மறுநாள் பேப்பர்காரன் வந்தான், படம் எடுத்தான்.

ஹாரியட்: அழலையா?

நார்மன்: அழுதானா? எங்களுக்கு மேல அவன் கத்தினான், பொம்மைக்கு ஒரு பென்னின்னு. பேசற பொம்மைய எவன் பாத்திருக்கான்? குடிகாரனுங்க கூட்டமா நின்னு காசு போட்டானுங்க. ஆல்மா தெரு புத்தி, காசுன்னதும் கட்சி மாறிட்டான்.

மேவிஸ்: ...ராத்திரி நெருப்புல சுட்ட உருளைக்கிழங்கு குடுத்தீங்கல்ல அண்ணே அவருக்கு?

நார்மன்: குடுத்தோம். இஞ்சி கேக்கும் குடுத்தோம். ரெண்டு துண்டு. மூணாவது அவனே எடுத்துக்கிட்டான்.

ஹாரியட்: அடேயப்பா! இதைவிட என்ன வேணும்? ரெண்டு தெரு ஒண்ணாகற கதை இது! இதை வாசல்லயே மாட்டறேன். ஹெஸ்கெத்துன்னா கடைசியில ‘த்’துதானே? சரி... அஞ்சு நிமிஷம், தட்டச்சு பண்ணி அச்சுக்கு அனுப்பிட்டு வந்துடறேன். டீ போட்டு எடுத்துட்டு வரட்டுமா?

நார்மன்: எனக்கு சர்க்கரை தூக்கலா. பொய்... ம்ம், பொய்யில்ல, பழைய கதை பேசினா எனக்குத் தலை சுத்தும்.

ஹாரியட்: இதோ வந்துட்டேன்.

நார்மன்: ...போயிட்டாளா?

மேவிஸ்: போயிட்டா.

நார்மன்: இங்கர்மன் தெரு ஆளுங்க எல்லாரும் கல்லறையிலருந்து எழுந்து வந்து என்ன ஒதைக்கப் போறாங்க.

மேவிஸ்: வரட்டும். நான் பேசிக்கறேன்.

நார்மன்: ரெண்டு பஸ் மாறி எதுக்கு வந்தேன்னு உனக்குத் தெரியுமாடி?

மேவிஸ்: தெரியும். வண்டியில அசையாம உக்காந்திருந்தது என் தங்கச்சின்னு சொல்ல வந்தே. அதான் உனக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டேன். எனக்குப் பெட்டி நெறையப் படம் இருக்குண்ணே. இதுல அவரு இருந்துட்டுப் போகட்டும்.