மூன்று முறை தட்டினால்

உங்கள் அறையில் வெளிச்சம் நன்றாக விழுகிறது, சார். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருப்பதால் உங்கள் முகம்தான் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. பரவாயில்லை, இன்றைக்கு என் முகம்தானே முக்கியம். படம் எடுக்கிறவனிடம் எப்படி எடுத்தாய் என்று கேட்டால் மணிக்கணக்கில் பேசுவான். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் முதல் படத்தின் கடைசிக் காட்சியை நீங்கள் பார்த்திருக்கலாம். வீட்டை விட்டு ஓடிப்போன மகன் பல வருடம் கழித்துத் திரும்பி வந்து, அப்பாவின் கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறான். தட்டவில்லை. தூக்கிய கையோடு ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படியே நிற்கிறான். படம் முடிகிறது. நடித்தவன் என் மனைவியின் தம்பி. வேலைவெட்டி இல்லாமல் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவனை, அக்காள் மூக்கைச் சிந்தினாள் என்பதற்காகக் கேமரா முன்னால் நிறுத்தினேன்.

திரையிடல் முடிந்ததும் மேடையில் நாற்காலி போட்டு எங்கள் இருவரையும் பேச வைப்பார்கள். யாராவது எழுந்து, "அந்த ஒரு நிமிஷம் உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்பார்கள். நான் மௌனத்தைப் பற்றிச் சொல்வேன். தயக்கத்தைப் பற்றிச் சொல்வேன். குறிப்பெடுத்துக்கொள்வார்கள். பத்து ஊரில் சொன்னேன். பத்தாவது ஊரில் எனக்கே கண் கலங்கிவிட்டது.

பதினோராவது ஊரில் மைத்துனன் மைக்கை வாங்கினான்.

"அத்தான் சொல்றதெல்லாம் சரிதாங்க. ஆனா அன்னைக்கு அவரு போன்ல யார்கூடவோ சண்டை போட்டுட்டு இருந்தாரு. கட் சொல்ல மறந்துட்டாரு. எனக்குத் தும்மல் வேற முட்டிக்கிட்டு வருது. அசைஞ்சா திட்டுவாரேன்னு கல்லு மாதிரி நின்னேன். நீங்க பாத்த சோகமெல்லாம் அந்தத் தும்மல்தாங்க."

அரங்கமே சிரித்தது. அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் தும்மல் கதையைத்தான் கேட்டார்கள். நான் வாயைத் திறந்தாலே முன்வரிசையில் யாராவது தும்முவது போலச் செய்வார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்தால், "உள்ளதைத்தானே சொன்னான், அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவனுக்கு அவள் வக்காலத்து. பொறாமை என்று எழுதிவிடாதீர்கள், சார். அவன்மேல் எனக்கு என்ன பொறாமை? ஒரு படைப்பாளியின் பெயர் தும்மலோடு போய்விடக் கூடாது என்கிற அக்கறைதான்.

இரண்டாவது படத்திலும் அவனையே நடிக்க வைத்தேன். என் பெருந்தன்மையை எல்லோரும் பாராட்டினார்கள். கார் ஒன்று தண்ணீரில் மூழ்குகிற காட்சி. படப்பிடிப்புத் தளத்திலேயே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய தொட்டி கட்டினோம். கிரேனில் கட்டிய கார் மெல்ல உள்ளே இறங்கும். கதைக்குத் தேவை என்று கதவின் உள்கைப்பிடியைக் கழற்றியிருந்தோம். தண்ணீர் தலைக்கு மேல் ஏறியதும் அவன் இருபது விநாடி மூச்சை அடக்க வேண்டும். கார் பக்கத்திலேயே நீச்சல்காரர் ஒருவர் காத்திருப்பார். முடியவில்லை என்றால் அவன் ஜன்னலில் மூன்று முறை தட்ட வேண்டும், உடனே அவர் கதவைத் திறப்பார். இரண்டு நாள் அப்படித்தான் எடுத்தோம். ஒரு குறையும் இல்லை.

மூன்றாம் நாள் காலை, அவன் மேக்கப் அறையில் இருந்தபோது, மற்றவர்களைக் கூப்பிட்டு ஒரு சின்ன மாற்றம் சொன்னேன்.

"இன்னைக்கு மூணு தட்டு நடிப்பு. அதைப் பாத்து யாரும் பதறிடாதீங்க. நிஜமாவே முடியலைன்னா ரெண்டு கையையும் தலைக்கு மேல கோத்துக் காட்டுவான். அப்ப திறந்தா போதும்."

"அவருக்குத் தெரியுமா சார்?" என்றார் நீச்சல்காரர். விவரமான மனிதர்.

"யோசனையே அவனோடதுதான்."

வாழ்நாளில் அவனுக்கென்று நான் விட்டுக்கொடுத்த ஒரே யோசனை அது.

அவன் உற்சாகமாகவே வந்தான். காரில் ஏறும்போது, "அத்தான், இன்னைக்காவது கட் சொல்ல மறந்துடாதீங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். "மறக்க மாட்டேன் மாப்ள, ஏறு" என்றேன்.

கார் இறங்கியது. தண்ணீர் அவன் நெற்றியைத் தாண்டியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபத்தைந்தில் மூன்று முறை தட்டினான். "பிரமாதமா பண்றாரு சார்" என்று உதவி இயக்குநர் முணுமுணுத்தாள். மறுபடி மூன்று. மறுபடி மூன்று. அந்த நிலையிலும் ஒரு தட்டுக்கூட முன்பின் ஆகவில்லை, சொன்னது சொன்னபடி செய்தான். நீச்சல்காரர் தொட்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்று கையைக் காட்டினேன். தளத்தில் அறுபது பேர் இருந்தார்கள். அறுபது பேரும் அவனைப் பார்க்கவில்லை, என் வாயைத்தான் பார்த்தார்கள். அவனும் ஜன்னல் வழியாக என்னைத்தான் பார்த்தான். அவனுக்கு அப்படியே அக்காள் கண். பிறகு தட்டுவது நின்றது. நீச்சல்காரர் என் சைகையை மீறிக் கதவைத் திறந்தார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நான் அப்போதுதான் கட் என்றேன்.

"தட்டினானா?" என்று மட்டும் மனைவி கேட்டாள்.

"நடிக்கிறான்னு நினைச்சோம்" என்றேன். அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை.

ஒரு நல்ல காட்சிக்காகக் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தேன், என் குற்றம் அவ்வளவுதான் என்று நேற்று உங்கள் ஆளிடம் சொன்னேன். சொல்லும்போது நானே அதை நம்பினேன். அப்படியானால் அந்தக் காட்சியைக் கொண்டு வா என்கிறீர்கள் நீங்கள். கேமராமேனை விசாரித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அவர் பொய் சொல்லக்கூடியவர் இல்லை. அன்று காலை நான் ஒத்திகை என்றுதான் சொல்லியிருந்தேன். கேமராவை ஓட விடச் சொல்லவே இல்லை.

படம் எதற்கு, சார்? அவன் சாவதை நான் ஒருவன் பார்த்தால் போதும் என்றிருந்தது.