பதினேழாம் தாள்

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே சொல்வார்கள். அதனால்தான் நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டேன், மேடம். உங்கள் ஸ்டேஷன் ரைட்டர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். குறை சொல்லவில்லை, அவருக்கு ஆயிரம் வேலை. ஆனால் தேதி இரண்டு இடத்தில் மாறியிருந்தது. அப்படிப்பட்ட காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

பெயர் கண்ணப்பன். வயது நாற்பத்தாறு. வீடு குன்றத்தூர். ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டிராயிங் கண்ட்ரோல் பார்க்கிறேன். அது என்ன வேலை என்று நேற்று கேட்டீர்கள். ஒரு பாகத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்று டிராயிங் வரும். அதை லைனுக்குக் கொடுப்பேன். ஆறு மாதம் கழித்து அதில் ஓர் ஓட்டை அரை மில்லி தள்ளிப் போகும், திருத்திய டிராயிங் வரும். அப்போது பழையதைத் திரும்ப வாங்கி, ‘ரத்து’ என்று சிவப்பு முத்திரை குத்தி, தேதியும் நேரமும் எழுதிக் கோப்பில் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுப்பேன்.

பழையது கைக்கு வராமல் புதியதைக் கொடுக்கக் கூடாது. இதுதான் விதி. கொடுத்தால் லைனில் இரண்டும் கிடக்கும், யாராவது பழையதைப் பார்த்துச் செய்துவைப்பான். 2016இல் அப்படித்தான் ஆயிற்று. நானூறு பீஸ் குப்பைக்குப் போனது, மெமோ எனக்கு வந்தது. பழைய தாளை ஒளித்துவைத்திருந்த வெல்டருக்கு ஒன்றும் வரவில்லை. அவன் வேறு ஆள், அது வேறு கதை. ஷாப் ஃப்ளோரில் என்னைக் ‘காகிதம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காகிதம் வருது பார், ஒளிச்சு வை என்பார்கள். பழகிவிட்டது.

2023 பொங்கல் லீவில் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த டிராயிங்குகள் கிடைத்தன. வெளிநாட்டில் ஒரு பெரியவர், தான் வடிவமைத்த ஒற்றை ஆள் விமானத்தின் டிராயிங் முழுவதையும் இலவசமாகப் போட்டிருந்தார். அறுபத்து நான்கு தாள், எல்லாம் கையால் வரைந்தது. இரும்புக் குழாயில் உடம்பு, அலுமினியக் குழாயில் இறக்கை, மேலே துணி, ஒரு சின்ன என்ஜின். வெல்டிங் தெரிந்த ஆள் கொட்டகையில் வைத்தே செய்துவிடலாம். வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரு மனிதன் பறப்பதற்கு வேண்டிய அத்தனையும் காகிதத்தில் இருந்தது, ஒரு கோடு கூடுதல் இல்லை.

ஏழு மாதம் உட்கார்ந்து அங்குலத்தை மில்லியாக மாற்றி, தமிழில் குறிப்பெழுதி, அறுபத்து நான்கையும் திரும்ப வரைந்தேன். செய்வதற்கு எனக்குக் கை வராது. ஆணி அடித்தால் விரலில்தான் படும். அதனால் மகாராஜாவிடம் காட்டினேன்.

மகாராஜா எங்கள் கம்பெனி வெல்டர். தெற்கே வள்ளியூர்ப் பக்கம், முப்பத்து நான்கு வயது. மனைவி சந்தனமாரியோடு இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூமில் இருந்தான். அந்தப் பெண்ணுக்கு போன் தயாரிக்கும் கம்பெனியில் லைன் வேலை. அவன் கைவேலையைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றுதான் சொல்வார்கள். அவன் போட்ட ஜாயிண்ட் மெஷின் தையல் மாதிரி இருக்கும். முதல் தாளைப் பார்த்ததும் இது பறக்குமா என்று கேட்டான். பறக்கும் என்றேன். அப்படியென்றால் செய்துவிடுவோம் என்றான், டீ சாப்பிடலாம் என்பதுபோல.

பிள்ளைப்பாக்கத்தில் ராமன் என்பவரின் நிலம் மனைப்பிரிவுக்குப் போய்விட்டது, பழைய நெல் கொட்டகை மட்டும் நின்றது. அதைக் கேட்டு வாங்கினோம். முன்னால் மனைக்காகப் போட்ட தார்ச்சாலை, நேராக, நாற்பதடி அகலம். வீடு ஒன்றுகூட வரவில்லை, இரண்டு பக்கமும் மஞ்சள் வர்ணம் அடித்த கற்கள்தான். ஓடுபாதைக்கு அதைவிட என்ன வேண்டும்? அனுமதி எதுவும் வாங்கவில்லை. அது தனிக் குற்றம் என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறுதோறும் போவோம். சந்தனமாரி சாப்பாடு கொண்டுவருவார். எனக்குப் பிள்ளை இல்லை, வீட்டில் பேச்சும் அதிகம் இல்லை. அந்த ஞாயிறுகளைப் போல நல்ல நாட்கள் எனக்கு வாய்த்ததில்லை. மகாராஜாவை எனக்குப் பிடிக்கும். இதை அழுத்தி எழுதுகிறேன், கோர்ட்டில் முன்விரோதம் என்பார்கள். முன்விரோதம் எதுவும் கிடையாது.

ஒன்றே ஒன்றுதான். அவனுக்குத் தாளின்மேல் மரியாதை இல்லை. ஒரு தடவை பார்ப்பான், பிறகு எங்கேயாவது போட்டுவிடுவான். ஒன்பதாம் தாளில் பஜ்ஜியை வைத்து எண்ணெய் பிழிந்தான். இருபத்திரண்டாம் தாள் ஆடும் மேஜையின் காலுக்கு அடியில் இருந்தது. கேட்டால், அதான் மண்டையில் ஏறிவிட்டதே என்பான். உண்மையில் ஏறியும் இருந்தது. அளந்து பார்த்தேன், ஓரிடத்திலும் ஒரு மில்லி பிசகவில்லை. பிசகியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

2024 மார்ச் 9, சனிக்கிழமை. அந்தப் பெரியவரின் பக்கத்தை மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பேன், திருத்தம் ஏதாவது வந்திருக்கிறதா என்று. அன்று வந்திருந்தது. பதினேழாம் தாள் ரத்து, அதற்குப் பதிலாக 17A. இறக்கையைக் கீழிருந்து பிடித்திருக்கும் சாய்வுக் குழாய் உடம்போடு சேரும் இடத்தில் ஒரு பிராக்கெட் வரும், அதுதான் பதினேழு. அலுமினியத் தகடு, ஒரு போல்ட். நேராகப் பறக்கும்வரை தாங்கும், திரும்பும்போது கிழியும். இரண்டு நாட்டில் இரண்டு பேர் இறந்திருந்தார்கள். பழைய தாளின்படி செய்தவர்கள் மாற்றும்வரை பறக்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. புதியது இரும்புத் தகடு, இரண்டு போல்ட். மகாராஜாவுக்கு அரை நாள் வேலை.

அன்று மாலையே 17Aவை வரைந்து பிரிண்ட் எடுத்து மூலையில் தேதி போட்டேன். மறுநாள் காலை அதைத் தோள்பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். கொடுக்கத்தான் போனேன்.

“தம்பி, அந்தப் பதினேழாவது ஷீட்ட எங்க வச்சுக்கினு இருக்கே, குடு.”

எங்கேயோ கிடக்கும், இப்போது அது எதற்கு என்றான், தலையைத் தூக்காமலே. வேண்டும், தேடு என்றேன். தேடுகிறேன் என்றான். தேடவில்லை.

அப்போதே வாயால் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன் அரை நாளில் செய்து மாட்டியிருப்பான், தாளைக் கையில் வாங்காமலே. இனி எது வந்தாலும் வாயால் சொல்லுங்கள் போதும் என்றிருப்பான். பிறகு நான் ஏழு மாதம் உட்கார்ந்து வரைந்தது எதற்கு? விதி என்றால் எல்லா இடத்திலும் விதிதான். பழையது வரட்டும் என்று இருந்தேன்.

ஏப்ரலில் ஒரு தடவை கேட்டேன், மே மாதம் இரண்டு தடவை. தேதிகள் நீங்கள் எடுத்துச்சென்ற டைரியில் இருக்கின்றன. ஒருநாள், பழசைக் கொடுத்தால்தான் புதுசு என்றுகூடச் சொன்னேன். கம்பெனி ரூலை இங்கேயும் கொண்டுவந்துவிட்டீர்களா என்று சிரித்தான். சந்தனமாரியும் சிரித்தார். ஆனால் அன்று சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்போது என்னிடம் தனியாகச் சொன்னார், அவர் கை வேகம், நின்று யோசிக்க மாட்டார், நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று. பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பை என் தோளில்தான் இருந்தது.

ஜூன் முதல் வாரத்தில் ஒரு யூடியூப் சேனல்காரர் கேமராவோடு வந்தார். விமானம் முழுதாக நின்றது, வெள்ளைத் துணி போர்த்தி. அக்கம்பக்கத்து ஆட்கள் இருபது முப்பது பேர் கூடிவிட்டார்கள். டிராயிங் எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார். நெட்டில் கிடந்தது என்றான் மகாராஜா. பிறகு என் பக்கம் கையைக் காட்டினான்.

“அண்ணாச்சிதான் பிரிண்டு எடுத்துக் குடுத்தாவ. ஆனா ஏட்டுச் சுரக்கா கறிக்கு உதவாதும்பாவல்லா. கைதான் சார் எல்லாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீடியோவில் பாருங்கள், நன்றாகவே சிரித்திருக்கிறேன்.

வலித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. குன்றத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்வரை வலித்தது. ஆனால் அதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதற்குப் பிறகும், ஜூன் 23 அன்று, தாளைக் கேட்டிருக்கிறேன். கோபம் இருக்கிறவன் கேட்பானா?

ஜூன் கடைசியில் அவன் சாலையில் ஓட்டிப் பார்த்தான். பத்தடி உயரம் எழும்பி, நேராகப் போய், சாலை முடிவதற்குள் இறங்கிவிடுவான். ஐந்தாறு தடவை அப்படிச் செய்தான். பிராக்கெட் தாங்கியது. நேராகப் போனால் தாங்கும் என்றுதானே போட்டிருந்தது. இறங்கி வரும்போதெல்லாம் கை தட்டினேன்.

ஜூலை 14, ஞாயிறு. மேலே போய்த் திரும்பி ஒரு சுற்று வருவதாக இருந்த முதல் நாள். காலை ஆறே முக்காலுக்கு எழும்பினான். காற்று இல்லை. சாலை முடிவுக்கு மேலே போனதும் இடதுபக்கம் திரும்பினான். சத்தம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை, தகரம் கிழிகிற சத்தம்தான். இடது இறக்கை மேல்பக்கமாக மடங்கியது. மனைக்கற்களுக்கு நடுவே விழுந்தான். சந்தனமாரி ஓடினார். நான் நடந்துதான் போனேன். ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று எனக்குத் தெரியும்.

விபத்து என்று எழுதினார்கள். நீங்களும் வந்திருந்தீர்கள், எனக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னீர்கள். அதோடு முடிந்திருக்கும்.

முடியாமல் போனது என்னால்தான். 17A இன்னும் என் பையில் இருந்தது. விமானத் தாள்களுக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தேன், அதில் 17Aவைப் பெற்றுக்கொண்டவர் கையெழுத்து இல்லை. ஒரு வரி காலியாகக் கிடந்தால் எனக்கு நிம்மதி இருக்காது. ஊரில் பதினாறாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு ரூமைக் காலி செய்யச் சந்தனமாரி வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஆகஸ்ட் 4 அன்று போனேன். பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். மகாராஜாவுக்குச் சேர வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது, வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள் என்று பேனாவையும் நீட்டினேன்.

லைனில் வேலை பார்க்கிற பெண், டிராயிங் படிக்கத் தெரியும். படத்தைப் பார்த்தார், குறிப்பைப் படித்தார், பிறகு மூலையில் இருந்த தேதிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டார்.

“மார்ச்சு ஒம்பதா அண்ணாச்சி?”

ஆமாம் என்றேன்.

“அவியளுக்கு இது தெரியுமா?”

தெரியாது என்றேன். பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அவர் அழவில்லை. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், தாளை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தார்.

இனி நேற்றைய கேள்வி. பழைய தாளை அவன் கொடுத்திருந்தால் புதியதைக் கொடுத்திருப்பீர்களா என்று கேட்டீர்கள். நிச்சயமாக என்றேன். அதற்கு நீங்கள் என் வீட்டிலிருந்து எடுத்த கோப்பைத் திறந்து, பதினேழாம் தாளை மேஜைமேல் வைத்தீர்கள். ‘ரத்து’ முத்திரை. கீழே என் கையெழுத்து. 14.7.2024, காலை 6.20. நேரம் எழுதாமல் நான் எதையும் ரத்து செய்வதில்லை.

ஆமாம், கொடுத்தான். அன்று காலை ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, சட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தான். முந்தின நாள் முழுக்கக் கொட்டகையைப் புரட்டித் தேடியிருக்கிறான். சுருக்கத்தைக் கையாலேயே நீவிவிட்டிருந்தான்.

“பழசக் குடுத்தாத்தான் புதுசுன்னியள்லா. ரெண்டு நாளா மனசே சரியில்ல அண்ணாச்சி. புதுசு எதுவும் வந்திருக்கா?”

அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. ஒரு தாளுக்காக, என் முகத்தையே பார்த்துக்கொண்டு. பத்தொன்பது வருஷத்தில் ஒருவனும் என் முன்னால் அப்படி நின்றதில்லை. எனக்கு நன்றாக இருந்தது, மேடம். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்று தோன்றியது. தாளை வாங்கிக்கொண்டேன்.

“புதுசு ஒண்ணும் வரல தம்பி. போய்ட்டு வா.”

அவன் முகம் தெளிந்துவிட்டது. சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய் ஏறிக்கொண்டான். நான் கொட்டகைக்குள் சென்று முத்திரையைக் குத்தி, நேரம் எழுதிவிட்டு வந்தேன். என்ஜின் சூடாக இருபது நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அவ்வளவு நேரமும் இறக்கைக்குப் பக்கத்தில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவன் பார்வையில் படும்படிதான் நின்றேன். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் கேட்கவில்லை.