மாலைக்காகக் காத்திருந்த விமானம்

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் எங்கள் படகுச் சங்கத் தலைவர் பத்திநாதர் அவர்களே! வலை உதறிய கை காயுமுன்னே வந்து அமர்ந்திருக்கும் அண்ணைமாரே! மாட்டுப் பட்டியை அயலாரிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையை மடியிலும் பொறுமையை நெஞ்சிலும் தாங்கி இரண்டு மணித்தியாலமாக வெயில் காயும் தாய்மாரே! பந்தலுக்கு வெளியே மதிலில் குந்தியிருந்து என்னைப் பகிடி பண்ணக் காத்திருக்கும் தம்பிமாரே! எல்லோருக்கும் நெடுந்தீவான் ஜெகதீசின் நெஞ்சு நிறைந்த வணக்கம்!

என்னை ஏன் மேடையில் ஏற்றினார்கள் தெரியுமா? பத்து மணிக்கு நாடா வெட்டு. இப்போது பதினொன்றே கால். பிரதம விருந்தினர் இன்னும் புங்குடுதீவுப் பாலத்தையே தாண்டவில்லையாம். தலைவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீர் நேபாளத்திலை பிளேன் திருத்தினனீர்தானே. ஆள் வருமட்டும் அந்தக் கதையைச் சொல்லும். சனம் எழும்பிப் போகாமல் பாத்துக்கொள்ளும்" என்றார். ஓம் என்றேன்.

ஆனால் அதற்குமுன் ஒரு செய்தி. நீங்கள் எல்லோரும் அறிந்த செய்தி. அறிந்தும் அறியாதவர்போல் நாங்கள் எல்லோரும் இருக்கும் செய்தி. எங்கள் றெக்ஷனின் மனைவி அஞ்சலா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். எட்டு மாதக் கர்ப்பிணி. இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, உடனே யாழ்ப்பாணம் கொண்டுபோங்கள் என்று டொக்டர் எழுதிக் கொடுத்து ஒரு மணித்தியாலம். நோயாளர் படகு விடியவே இன்னொருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. மற்றப் படகு பின்னேரம்தான் வரும். நோயாளியைக் கட்டிலோடு ஏற்றக்கூடியதாகத் துறையிலே நிற்பது ஒரே ஒரு படகு. எது? வாழைமரம் கட்டி, தோரணம் தொங்கவிட்டு, சிவப்பு நாடா சுற்றி நிற்கிறதே, அது! நாங்கள் மீன் விற்றும் மாடு விற்றும் வாங்கிய எங்கள் புதுப்படகு!

தலைவர் என் சேட்டு நுனியைப் பிடித்து இழுக்கிறார். "கதையைச் சொல்லும், கதையை." சொல்கிறேன் ஐயா. கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

நேபாளம் எப்படிப்பட்ட நாடு? எங்கள் தீவிலே பனையில் ஏறினால்தான் உயரம். அங்கே கதவைத் திறந்தால் மலை. அதைத் தாண்டினால் இன்னொரு மலை. அதற்கும் அப்பால் முகிலுக்கு மேலே வெள்ளையாய் வேறொரு மலை. இந்த ஊரிலிருந்து பார்த்தால் அந்த ஊரின் அடுப்புப் புகை தெரியும். ஆனால் போய்ச் சேர? கண்ணுக்கு எதிரே நிற்கும் ஊர், காலுக்கு நாலு நாள்!

அந்த நாட்டிலே டோல்மா என்று ஒரு பெண். கோவேறு கழுதைகளில் உப்பும் அரிசியும் ஏற்றிப் பிழைத்தவர். ஒருநாள் கழுதைகள் எல்லாவற்றையும் விற்றார். ஏழு ஊர்ச் சனத்தைக் கூட்டினார். எல்லோரும் சேர்ந்து பத்தொன்பது இருக்கையுள்ள ஒரு பழைய விமானத்தை வாங்கினார்கள். பெயர் என்ன வைத்தார்கள்? கழுகென்று வைத்தார்களா? கருடனென்று வைத்தார்களா? பங்கேரா என்று வைத்தார்கள். பங்கேரா என்றால் அவர்கள் மொழியிலே ஊர்க்குருவி!

நகரத்திலே சிரித்தார்கள். "கழுதைக்காரிக்குப் பிளேனோ?" என்றார்கள். ஏன் கமலாதேவி அக்கா, நீங்களும் சிரிக்கிறீர்களா? படகு வாங்கப்போகிறோம் என்று நீங்கள் அரசாங்கக் கந்தோருக்குப் போனபோது உங்களையும் பார்த்துத்தானே ஒருவர் சிரித்தார்? "மாடு மேய்க்கிற சனத்துக்குச் சங்கமோ?" என்று கேட்டவர் யார்? பெயரைச் சொல்ல மாட்டேன். மாலை வாங்க இப்போது வந்துகொண்டிருக்கிறார்!

கை தட்டாதீர்கள், கதை போகட்டும். அடிவாரத்தில் ஒன்று, உச்சியிலுள்ள மேலூரில் ஒன்று, இரண்டு ஓடுபாதை. வெட்ட இயந்திரம் வந்ததா? இல்லை. மண்வெட்டி வந்தது. மலைச்சரிவைச் சனம் வெட்டியது, கல்லைச் சனம் சுமந்தது, மண்ணைச் சனம் மிதித்தது. இரண்டும் கூரைபோலச் சரிவு. இறங்கும்போது விமானம் மேலே ஏறி நிற்கும். புறப்படும்போது கீழே ஓடிப் பள்ளத்தாக்குக்குள் பாயும். முதல்முறை நான் அப்படிப் பாய்ந்தபோது எந்தச் சாமியைக் கூப்பிட்டேன்? எங்கள் அம்மன், மாதா, அந்தோனியார், ஒருவரையும் விடவில்லை! விமானம் வருமுன் சங்கு ஊதுவார்கள், பாதையில் மேயும் ஆடுகளை விரட்ட. பெட்டியை மட்டுமல்ல, ஆளையும் தராசில் ஏற்றி எடையை உரத்துச் சொல்வார்கள். ஏழையும் ஏறவேண்டும், பணக்காரனும் ஏறவேண்டும். மதிலில் இருந்து யாரோ கேட்கிறார், "எங்கடை தலைவரை ஏத்தினால்?" கேட்டது தம்பி. தலைவருக்கும் கேட்டது. இரண்டு பேரை இறக்கவேண்டி வரும்!

சிரித்தது போதும். இப்போது கவனியுங்கள். அந்த மலைகளிலே காலை பத்து மணிக்குப் பிறகு காற்று எழும்பும். எங்கள் சோழகக் காற்றுப்போல நேரம் தவறாமல் எழும்பும். பத்துக்கு முன் பறந்தால் அது பறவை. பத்துக்குப் பின் பறந்தால் எதிரே பாறை.

விமானம் வாங்கி மூன்றாம் வருடம். மேலூரிலிருந்து செய்தி வந்தது, ஒரு பெண் பிரசவ வலியில் துடிக்கிறாள் என்று. எட்டரை மணிக்கு விமானம் தயார். அப்போது நகரத்திலிருந்து ஒரு அழைப்பு. "பெரியவர் ஒருவர் ஏற வருகிறார், பிடித்து வையுங்கள்." டோல்மா பிடித்து வைத்தார். பயந்தா? இல்லை, ஆசைப்பட்டு. மூன்றாவது ஓடுபாதைக்கு அவர் அனுமதி வாங்கித் தருவார் என்று ஆசைப்பட்டு. ஒன்பது மணி, ஆள் இல்லை. ஒன்பதரை, ஆள் இல்லை. பத்துக்கு வந்தார். மாலை. பொன்னாடை. பாராட்டு. படப்பிடிப்பு. பத்து இருபதுக்கு விமானம் எழும்பியது. கணவாயிலே காற்று அதைப் பிடித்து உலுக்கியது. திரும்பி வந்துவிட்டது. பின்னேரம் மேலூரில் அந்தப் பெண் இறந்துபோனாள்.

நாலு நாள் நடந்து அவளுடைய கணவன் வந்தான். ஏசினானா? அடித்தானா? ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அன்றைக்கு உங்கள் விமானம் எத்தனை மணிக்குப் போகவேண்டியது?" டோல்மா சொன்னார், எட்டரைக்கு. அவன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி நடந்தான். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் டோல்மா இதைத் தன் வாயால் எனக்குச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிறகு என்ன செய்தார்? விமானக் கதவிலே தன் கையால் எழுதினார்: நோயாளிக்குக் காத்திருப்போம், வேறு எவருக்கும் இல்லை. எழுதுவது எல்லோருக்கும் இயலும். சோதனை அடுத்த மாதமே வந்தது. இன்னொரு பெரியவர், இன்னொரு மாலை, இன்னொரு "பிடித்து வையுங்கள்". எட்டரை அடித்தது. கதவு மூடியது. காற்றாடி சுழன்றது. பெரியவர் வாகனத்திலிருந்து இறங்கிக் கழுத்து மாலையோடு ஓடி வருகிறார், கையை ஆட்டுகிறார், கத்துகிறார். ஊர்க்குருவி சரிவிலே ஓடுகிறது, ஓடுகிறது, பாய்கிறது, பறக்கிறது! புழுதி மட்டும் பெரியவருக்கு!

ஆமாம், தட்டுங்கள், இதற்குத் தட்டலாம். ஆனால் அதன்பிறகு நடந்ததையும் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். பங்கேராவை மூன்று மாதம் பறக்கவிடாமல் தடுத்தார்கள். ஏழு ஊர்ச் சனமும் தலைநகருக்கு நடந்துபோய்க் கந்தோர் வாசலிலே குந்தியது. நாலாம் மாதம் விமானம் பறந்தது. நான் அங்கிருந்து புறப்பட்டபோது விமானங்கள் மூன்று!

தலைவர் ஐயா, உங்கள் பயம் எனக்குத் தெரியும். வருகிறவர் முகம் சுளித்தால் எண்ணெய் ஒதுக்கீடு நிற்கலாம். துறைக்கு வரும் என்று சொன்ன வீதி வராமலே போகலாம். ஒன்றும் நடக்காது என்று நான் பொய் சொல்லமாட்டேன். நடக்கும். அங்கும் நடந்தது.

நானும் யோக்கியன் அல்ல. அந்த நாடாவைச் சுற்றிக் கட்டியது இந்தக் கை. காலையில் றெக்ஷன் ஓடிவந்து கேட்டபோது, "கொஞ்சம் பொறும், ஆள் வரட்டும்" என்று சொன்னது இந்த வாய். நாலு வருடம் அந்தக் கதவைத் துடைத்தவன் நான். ஊருக்கு வந்து ஒரு முழ நாடாவுக்குப் பயந்தேன்! எங்களுக்கு இது பழகிப்போய்விட்டது, சபையோரே. துறையிலே காத்திருந்தோம். கந்தோரிலே காத்திருந்தோம். போரிலே காணாமற் போனவர்களுக்காகக் காத்திருந்தோம். இப்போது எங்கள் காசில் வாங்கிய படகிலே எங்கள் பிள்ளை அஞ்சலாவை ஏற்றுவதற்கும் காத்திருக்கிறோம். யாரிடம் அனுமதி கேட்டு? ஏன் கேட்டு?

இராயப்பு அண்ணை! படகோட்டி நீங்கள், எழும்பிச் சொல்லுங்கோ. இன்றைக்குக் கடல் எவ்வளவு நேரம் தாங்கும்?

கேட்டீர்களா? "ஒரு மணிக்குப் பிறகு ஏலாது தம்பி. இப்ப வெளிக்கிட்டால் அக்கரையிலை குறிகட்டுவான் துறையைப் பிடிக்கலாம்" என்கிறார். அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறார். நான் உங்களிடம்தான் கேட்கிறேன், தாய்மாரே! படகு போகவேண்டுமா, நிற்கவேண்டுமா?

இன்னும் ஒருமுறை! வருகிறவருக்கும் பாலத்தடியிலே கேட்கட்டும்!

பொறுங்கள், பொறுங்கள். தலைவர் எழும்புகிறார். ஒலிவாங்கியைக் கேட்கிறார். தருகிறேன் ஐயா.

"றெக்ஷன், எங்கை நிக்கிறீர்? கத்தரிக்கோலைப் பாத்துக்கொண்டு நிக்காதையும். நாடாவைக் கையாலை அறுத்துப்போட்டுப் பிள்ளையை ஏத்தும். வாறவரோடை நான் கதைக்கிறன். அவருக்கு வேறை நாடா வாங்கிக் கட்டுவம்."

கேட்டீர்களா சபையோரே! தராசிலே ஏற்றி நான் பகிடி பண்ணிய மனிதர் இவர். மன்னித்துக்கொள்ளுங்கள் ஐயா, அந்த எடை முழுவதும் நெஞ்சுதான்.

இவ்வளவு நேரம் வெயிலிலும் என்னைப் பொறுத்த அத்தனை பேருக்கும் நன்றி. புது இயந்திரம், முதல் ஓட்டம், பக்கத்தில் நான் இருக்கவேண்டும், அதனால் படியால் இறங்க நேரமில்லை, குதிக்கிறேன். கட்டில் தூக்க நாலு பேர் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்! மற்றவர்கள் துறைக்கு வாருங்கள்! வணக்கம்!