முனீஸ்வரனைப் படம் எடுத்த ஏரோப்ளேன்

எங்கள் பக்கம் மெட்ராஸுக்கா ஆந்திராவுக்கா என்று இழுபறியாக இருந்த காலம். மூன்றாம் வகுப்போடு நின்று இரண்டு அரிசி மில் வைத்தவன் நான். படித்ததெல்லாம் பஸ் பேச்சில்தான். அன்று திருப்பதி பஸ்ஸில், புத்தூரில் ஏறிய இரண்டு விவசாயிகள் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

“முனீஸ்வரனே என்னைக் காட்டிக் குடுத்துட்டாரு மச்சான்.”

“இன்னாய்யா சொல்ற?”

“மேலருந்து படம் புடிச்சிக் காட்ட அளக்க ஏரோப்ளேன் வருதுன்னாங்க இல்ல? சர்க்கார் காட்டுக்குள்ள நான் திருத்தின கடலைக்கொல்லை படத்துல உழுந்தா புடுங்கிக்குவாங்களே. அதான் நடுவுல கீற பாறைக்குச் சுண்ணாம்பு அடிச்சி, பெரிய சூலம் எழுதி, முனீஸ்வரன் ஆக்கினேன். சாமி எடத்துல எவன் கை வெப்பான்?”

“ப்ளேன்ல போறவன் கன்னத்துல போட்டுக்கினானா?”

“நேத்து ரேஞ்சர் அந்தப் படத்தக் கையில புடிச்சிக்கினு நேரா என் கொல்லைக்கே வந்தாரு. காடு முச்சூடும் ஒரே கறுப்பா கீதாம். இந்த வெள்ளப் பாறை ஒண்ணுதான் பளிச்சுனு தெரியுதாம். இங்கருந்தே அளக்கலாம்னு சங்கிலியப் போட்டாரு.”

“கொல்லைய இன்னா பண்ணாரு?”

“மொதல்ல அதத்தான் அளந்து எடுத்துக்கினாரு. போவும்போது முனீஸ்வரனுக்கு ஒரு தேங்கா ஒடைச்சிட்டுப் போனாரு.”