முகத்துணிக்குள் தாகம்

புனே பெண்கள் வண்டி ஓட்டும்போது முகத்தைத் துணியால் சுற்றிக்கொள்வார்கள், இறங்கியதும் அவிழ்த்துவிடுவார்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான புகைப்பட வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் அவிழ்க்கவில்லை.

"துணி மேலேயே தண்ணி ஊத்தட்டுமாடி?" என்றாள், பாட்டிலோடு நின்ற தோழி.

"வேணாம். துணிய அவிழ்த்தா எல்லாரும் பார்ப்பாங்க."

"முகம் சிவக்கற இந்த ரொசேஷியாவுக்கு சூடு ஆகாது, அடிக்கடி தண்ணி குடின்னு டாக்டர் சொன்னாங்கல்ல? நீ உள்ள இட்லி மாதிரி வேகறே."

"ஆபீஸ்ல ஒருத்தன் வெட்கமா, கோபமான்னு கேக்கறான். இந்தச் சிவப்பு லைசன்ஸ்லயும் வருஷக்கணக்கா இருக்கணுமா?"

முகம் காட்டாமலிருக்க விலக்கு அளிக்கும் விதி எதுவும் இல்லை. விதிகளையெல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்; இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும்.

"லைசன்ஸ் போட்டோல யாருடி அழகா இருந்திருக்கா? இதோ, என்னுது."

"ஐயோ, செயின் திருடி மாதிரி இருக்கே!"

சிரித்ததில் மூச்சு முட்டியிருக்க வேண்டும். துணியை அவிழ்த்தாள். கன்னமும் மூக்கும் செக்கச்செவேலென்று இருந்தன. நான் பார்வையைத் திருப்பி அறிவிப்புப் பலகையைப் படித்தேன். புகைப்படக்காரர் அவளைக் கூப்பிட்டார்.

"ஏக் மினிட் பையா, தண்ணி குடிச்சுக்கறேன்" என்றாள், பாதி இந்தியில்.

அந்த அலுவலகத்தில் யாருக்காகவும் காத்திராத அவர், கேமராவைத் துடைத்தபடி, அவள் நிதானமாகக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.