லாலம் கைதட்டிய சாட்சி

– உட்காருங்க, லாலம் அம்மா. ஜெபம் பண்ணிட்டுப் பேசலாம்.

– ஜெபமெல்லாம் அப்புறம், பாஸ்டர் லபேஜா. நேத்து சாட்சி சொன்னீங்களே, அந்தப் பையனுக்கு எந்தக் கையில ஆறு விரல்?

– இடது கையில.

– சுண்டு விரலை ஒட்டி. அதுல மட்டும் நகம் வளராது.

– அம்மா...

– கிடேகா. என் மகன். கலகக்காரங்க காட்டுப்படை அவனைப் பிடிச்சுக்கிட்டுப் போன நாள்லேருந்து, வந்துருவான் வந்துருவான்னு வழி பார்த்துக்கிட்டு இருக்கேன். நீ ஒரு பையனைக் கழியால அடிச்சுக் கொன்ன கதையை வாரா வாரம் சொல்லுவே. ஆண்டவர் ரத்தம் என்னைக் கழுவிருச்சும்பே. நம்ம கிட்கும் ஊர்ச் சபையிலேயே பலமாக் கைதட்டினவ நான்தான்.

– என்னையும் பிடிச்சுக்கிட்டுத்தாம்மா போனாங்க. அவன் தப்பிக்கப் பார்த்து மாட்டிக்கிட்டான். நீ அடிக்கலைன்னா உனக்கும் இதே கதிதான்னாங்க.

– தெரியும். அதையும்தான் சொல்லியிருக்கியே. உனக்காக அழுதிருக்கேன்.

– நான் என்ன செய்யணும், சொல்லுங்க.

– எங்க குலத்துக்கு முன்னால வந்து நில்லு. உன் வாயால சொல்லு. ஆட்டை வெட்டுவோம். கசப்பான ஓபுட் வேரை இடிச்சுக் கரைச்சு, ஒரே குடுவையில நீயும் நாங்களும் குடிக்கணும், அப்பத்தான் கொலைப்பகை தீரும். அதுவரைக்கும் எங்க வழக்கப்படி உன் கையால ஒரு வாய் நான் தின்னக்கூடாது. நீ எனக்குச் சபையில அப்பமும் திராட்சரசமும் கொடுத்துக்கிட்டு இருந்திருக்கே.

– அந்த ஆடு செத்தாச்சும்மா, சிலுவையில. ஒரே தரம், எல்லாருக்குமா. இன்னொண்ணை வெட்டினா, அவர் பலி பத்தலைன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும்.

– உனக்குப் பத்தும். உன்னை மன்னிச்சாரே, என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? பெத்தவ ஒருத்தி இங்க உசிரோட இருக்கேனே.

– அப்படிப் பேசாதீங்க.

– ஆண்டவர் சிலுவையில சாகப் போற நேரத்துல புளிச்ச காடியை வாயில வாங்கினார்னு நீதானே பிரசங்கம் பண்ணினே? தப்பே பண்ணாதவர் குடிச்சார். உனக்கு ஒரு வாய் வேர்த்தண்ணி இறங்காதோ?

– சபை சிதறிடும்மா. பாஸ்டரே பழைய சாமிகிட்டப் போயிட்டார்ம்பாங்க.

– ஓ, சபை. சரி, அதையே கும்பிட்டுக்கோ. ஒண்ணு மட்டும் சொல்லு. இத்தனை வருஷமா விரலைப் பத்தி மூச்சு விடலையே, நேத்து மட்டும் ஏன் சொன்னே?

– அவன் உங்க மகன்னு எனக்கு எப்பவோ தெரியும்.

– தெரிஞ்சுமா?

– உங்க வாசலுக்கு வர தைரியம் இல்லை. விரலைச் சொன்னா நீங்களே வருவீங்கன்னு நினைச்சேன். கழுவிருச்சுன்னு சபையே நம்புது, அம்மா. நான்தான் நம்பல.