கலைவாணன் அண்ணன் கொடுத்த என் அப்பாவின் ரத்தம்

ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, அகன்ற நாற்காலியில் அமர்ந்திருக்கும் மனிதவள மேலாளர் கோதண்டராமன் ஐயா அவர்களே! இயந்திரங்களோடு இளமையைக் கழித்த மூத்த தொழிலாளர்களே! எப்போது சாப்பாடு போடுவார்கள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! காய்ச்சலோடு வந்து, கைக்குட்டைக்குள் இருமி, கண்ணியம் காக்கும் கனவான்களே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

என் பெயர் கவியா. இங்கே கார் இருக்கைகளுக்கு இரும்புச் சட்டம் அடிக்கும் பிரிவில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளி ஜெகதீசன் என் அப்பா. “உடல்நலமே உற்பத்தியின் உயிர்” என்று எனக்குத் தலைப்புக் கொடுத்தார்கள். என் ஆசிரியை திருத்திக் கொடுத்த பேச்சு கையில் இருக்கிறது. அதை நான் பேசப்போவதில்லை. பேசப்போவது என் அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

புகழ்ந்து பேசு என்றார்கள். புகழாமல் இருப்பேனா? எப்பேர்ப்பட்ட ஆலை இது! இங்கே இயந்திரத்துக்குச் சூடு ஏறினால் சிவப்பு விளக்கு எரியும். உடனே நிறுத்துவார்கள், திறப்பார்கள், துடைப்பார்கள், எண்ணெய் விடுவார்கள். மனிதனுக்குச் சூடு ஏறினால்? ஒரு பாராசிட்டமால்! அதற்கும் அடங்காவிட்டால்? இன்னொரு பாராசிட்டமால்! அப்படியும் விடுப்பு எடுக்காமல் வந்து நின்றால்? வெள்ளி விளக்கு!

ஆம், சற்றுமுன் சுப்பிரமணி மாமாவுக்கு முழு வருகைப் பரிசு கொடுத்தார்களே, கைதட்டினீர்களே, அந்த விளக்குத்தான். போன மழைக்காலத்தில் உடம்பு அனலாய்க் கொதிக்க, பரிசு போய்விடக் கூடாதே என்று கம்பெனி பஸ்ஸில் ஏறினார் மாமா. குளிர்சாதனப் பேருந்து. ஜன்னல் திறக்காது. திருக்கழுக்குன்றத்தில் ஏறியவருக்கும் கொடுத்தார், செங்கல்பட்டில் ஏறியவருக்கும் கொடுத்தார். என்ன தாராளம்! எவ்வளவு வள்ளல் தன்மை! மாமா, கோபப்படாதீர்கள். விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். உங்களிடமிருந்து வந்த வைரஸ் இரண்டு பேரிடம் போன கதையைச் சொல்கிறேன்.

ஒருவர் அப்பாவின் பிரிவிலேயே வேலை செய்யும் கலைவாணன் அண்ணன். சதுரங்கப்பட்டினத்துக்காரர், கடற்கரை மணலில் பந்து விளையாடுகிறவர். படுத்தார், கஞ்சி குடித்தார், எழுந்தார், மறுபடியும் பந்தை உதைக்கப் போய்விட்டார். இன்னொருவர் என் அப்பா. படுத்தார். எழவில்லை. மூச்சு வாங்கியது. உதடு நீலமானது. ஆட்டோவில் அம்மாவின் தோளில் சாய்ந்தபடி அரசு மருத்துவமனைக்குப் போனார்.

அங்கே டாக்டர் கேட்டார், “சுகர் இருக்காம்மா?”

அம்மா பெருமையாகச் சொன்னார், “இல்ல சார். கம்பெனியிலயே ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. நார்மல்னு வந்துது.”

பரிசோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் வெளியே வந்தார். “நானூறுக்கு மேல கீதும்மா! கம்பெனில யார் ரத்தத்தப் பாத்தாங்க?”

யார் ரத்தம்? ஆகா! அதுதானே இந்த ஆலையின் பரம ரகசியம்! போன ஆண்டு கம்பெனி நடத்திய ரத்தப் பரிசோதனை முகாமில் நடந்ததை அண்ணனே என்னிடம் சொன்னார். வைரஸ் பரவாமல் இருக்கத்தானே மாஸ்க் கொடுத்தீர்கள்? அதை மூக்குக்கு மேல் ஏற்றி, அப்பாவின் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டி, வரிசையில் போய் நின்றவர் கலைவாணன் அண்ணன்!

“மச்சான், விரல நீட்டிட்டு வந்துடு. எவன் மூஞ்சியப் பாக்கப் போறான்?” இது என் அப்பா.

“அண்ணாத்த, உனுக்கு முன்னாடியே நாலு பேருக்குக் குடுத்துட்டேன். விரலு இட்லித் தட்டாட்டம் ஓட்டையா கீது!” இது அண்ணன்.

“பேஜாரு பண்ணாதடா. அடுத்த விரல நீட்டு!”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். பிரிவு முழுவதும் ஒரே ரத்தம்! அண்ணன் தம்பிகள்கூட இப்படி ஒற்றுமையாக இருந்ததில்லை. தொந்தி பத்து விதம், பீடி பத்து விதம், ரத்தம் மட்டும் ஒரே விதம்! அதைப் பார்த்து, “நம் தொழிலாளர்கள் ஆரோக்கியமானவர்கள்” என்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்களாம். சர்க்கரை நோய் முகாமின் வெற்றிக்குக் கேக்!

அந்த “நார்மல்” என்ற ஒரு சொல்லை நம்பி, அம்மா மாதக்கணக்கில் அப்பாவுக்குப் பால்கோவா கிண்டிக் கொடுத்தார். டாக்டர் சொன்னார்: “வைரஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. சர்க்கரை ஏறின உடம்பு, புகை புடிச்ச நுரையீரல், இதெல்லாம் கெடைச்சா அது வேற ஆட்டம் ஆடும்.” ஆடியது. ஆக்சிஜன் குழாயோடு அப்பா கிடந்தபோது, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த ஆட்டத்தை நான் பார்த்தேன்.

பிழைத்து வந்தார். திருந்தினாரா?

வெளியே ஷாமியானா போட்டு, இதோ இந்த ஆண்டின் முகாம் நடக்கிறது. நேற்று மாலை அப்பா போனில் பேசியது என் காதில் விழுந்தது. “நாளைக்கும் நீதான்டா மச்சான்.” மருத்துவமனையில் கொடுத்த மாத்திரைகளை எங்கே வைத்திருக்கிறார் தெரியுமா? அரிசி டப்பாவுக்குள்! கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்தால் பார்த்துவிடுவார்களாம்.

யாரது பின்னால், “உக்காரு பாப்பா, அப்பன் மானத்த வாங்காத” என்பது? அவர் மானம் போனால் திரும்ப வாங்கலாம் ஐயா. அவர் மூச்சுப் போனால் எந்தக் கடையில் வாங்குவது?

அப்பா ஏன் ஒளிக்கிறார்? சாவுக்குப் பயப்படாதவர், சுகர் என்று தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்று பயப்படுகிறார். தலைவர் அவர்களே! உண்மையான ரத்தத்தைக் கொடுத்தவனுக்கு வேலை போகாது என்று இந்த மைக்கில், இத்தனை பேர் முன்னால், ஒரு வார்த்தை சொல்வீர்களா? காய்ச்சல்காரன் வீட்டில் படுத்தால் சம்பளத்தைப் பிடிக்க மாட்டோம் என்று சொல்வீர்களா? சொல்ல முடியாது என்றால் எதற்கு முகாம்? எதற்கு ஊசி? எதற்கு எனக்கு இந்தத் தலைப்பு?

நீங்கள் யோசித்துக்கொண்டிருங்கள் ஐயா. என் அப்பாவுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

மேடைத் தமிழை விட்டுவிடுகிறேன். அப்பா, தலையக் குனியாத. மொறைச்சாலும் பரவால்ல, என்னப் பாரு. வூட்டுக்குப் போய் எவ்ளோ வேணா திட்டு, அடி. இப்ப எழுந்திரு. கலைவாணன் அண்ணன் உன் அட்டையோட நிக்கிறாரு, அவர வரிசைய விட்டு வரச் சொல்லு. உன் விரல நீ நீட்டு. நான் எறங்கி வரேன். ஊசி குத்தறப்போ உன் இன்னொரு கைய நான் புடிச்சிக்கறேன்.

பொறுமையோடு கேட்டவர்களுக்கும், பொறுக்க முடியாமல் கேட்டவர்களுக்கும் நன்றி. வழி விடுங்கள், நானும் அப்பாவும் போக வேண்டும். வணக்கம்.